நினைத்தவர் நாற்காலி

ஆழ்வார்பேட்டையில் 'துவர்' என்று ஒரு உணவகம் இருக்கிறது, அங்கே நாலாவது பதார்த்தம் சாப்பிடும்போது புரையேறினால் அந்த நேரத்தில் நம்மை யார் நினைத்துக்கொண்டிருக்கிறாரோ அவர் எதிரே வந்து உட்கார்ந்துவிடுவார் என்பது இப்போது ஊருக்கே தெரிந்த விஷயம். ஆனால் அது தொடங்கிய சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே பரிமாறிக்கொண்டிருந்த பவுன்தாய்க்கு எதுவும் தெரியாது. ஏழாம் நம்பர் மேஜையில் புதிதாக ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் தோன்றியது, ஒரு தட்டு குறைகிறதே என்பதுதான்.

'துவர்' பெரிய இடம். மொத்தம் ஒன்பது பதார்த்தம், ஒவ்வொன்றும் வண்டிச்சக்கரம் அகலத் தட்டில் சுண்டைக்காய் அளவுக்கு வரும், தட்டை வைத்துவிட்டு இது எந்த மலைச் சீரகம், எந்த ஆட்டின் பால் என்று அரை நிமிஷம் எடுத்துச் சொல்ல வேண்டும், சாப்பிடுகிறவர் அரை நிமிஷம் தலையாட்ட வேண்டும், அப்புறம் அது ஒரே வாயில் காலியாகிவிடும். நாலாவது பதார்த்தம் ரசம். டென்மார்க்கில் மூன்று வருஷம் வேலை கற்றுக்கொண்டு வந்த செஃப் நிகிலன் அந்த ரசத்தை விரல் தடிமன் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மேலே கண்டந்திப்பிலிப் புகையை அடைத்து, ஒரே உறிஞ்சில் குடிக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார். ஒரே உறிஞ்சில் மிளகு ரசம் குடித்தால் பத்தில் மூன்று பேருக்குப் புரையேறத்தான் செய்யும். இதைப் பவுன்தாய் ஆரம்பத்திலேயே சொன்னாள், செஃப் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை புரையேறியது ஒரு ஆடிட்டருக்கு. கண்ணில் தண்ணீர் முட்ட அவர் இருமினார், மனைவி எழுந்து உச்சந்தலையில் தட்டி, "யாரோ நெனைச்சுக்கறா" என்றாள், சொல்லி வாய் மூடுவதற்குள் காலி நாற்காலியில் ஒருவர் பனியனும் லுங்கியுமாக, பாதிக் கன்னத்தில் ஷேவிங் நுரையோடு உட்கார்ந்திருந்தார். அவர் காரைக்குடியில் இருக்கும் கல்லூரிக் கால நண்பர். "டேய் சுந்து, இப்பத்தாண்டா உன்னைய நெனச்சேன், உசுரோட இருக்கியா?" என்றார். பவுன்தாய் ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தாள், நுரையைத் துடைத்துக்கொள்ளட்டும் என்று காத்திருந்தாள், பிறகு பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி, "சார், உங்களுக்கு ஏதாவது அலர்ஜி உண்டுங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றார். அஞ்சாவது பதார்த்தத்தை அவருக்கும் சேர்த்து வைத்தாள்.

ஒரு மாதத்துக்குள் எல்லாம் பழகிவிட்டது. எல்லா மேஜையிலும் ஒரு நாற்காலி கூடுதலாகப் போட்டார்கள், அதற்கு நினைத்தவர் நாற்காலி என்று பெயர் வந்தது, வீட்டில் இருந்தவர்கள் இருந்தபடியே வந்துவிடுவதால் வாசலில் எல்லா அளவிலும் நாற்பது ஜோடி ரப்பர் செருப்பும், நைட்டிக்கு மேல் போர்த்திக்கொள்ளச் சால்வையும், குளித்துக்கொண்டே நினைப்பவர்களுக்காகப் பெரிய பூத்துண்டும் வாங்கி வைத்தார்கள். வருவது மட்டும்தான் இப்படி, திரும்பிப் போக பஸ்ஸோ ரயிலோதான் என்பதால் முனையில் இருந்த ஆட்டோக்காரர்கள் கோயம்பேடு, எழும்பூர் என்று கூவிப் பழகினார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் நினைத்தால் இரண்டு பேரும் வந்தார்கள். ஒரு சினிமாத் தயாரிப்பாளர் இருமியபோது பதினோரு பேர் வந்து, அதில் எட்டுப் பேர் கோபமாக இருந்தார்கள். செத்தவர்கள் யாரும் வரவில்லை, அவர்களுக்கு அங்கே வேறு வேலை இருக்கும்போல.

முன்பதிவு செய்யும்போது அலர்ஜி என்ற இடத்தில் வேர்க்கடலை, இறால் என்று சொல்கிறவர்கள் 'நாலாவது ஐட்டம்' என்றும் சொல்லத் தொடங்கினார்கள், அதில் முக்கால்வாசி கணவன்மார். பெண் கொடுக்கப் போகிறவர்கள் மாப்பிள்ளையைக் கூட்டிவந்து குழாயை வாயில் கொடுத்துவிட்டு நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாப்பிள்ளைக்கு எதிரே அவன் ஆபீஸ் மேனேஜர் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்து, யாரிடம் சொல்லிவிட்டு லீவு எடுத்தாய் என்று கேட்டதில் சம்பந்தம் அன்றே முடிவானது. சேலத்திலும் சிவகங்கையிலும் சென்னைக்காரர்களை நினைக்க ஆசைப்பட்டவர்கள் அடுப்பை அணைத்து, நல்ல சேலையாக மாற்றி, ஊர் திரும்பப் பஸ் காசையும் முந்தானையில் முடிந்துகொண்ட பிறகே நினைக்க உட்கார்ந்தார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து வந்த ஒரு அம்மாள் ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று தட்டையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "தம்பி, சாம்பிள் எல்லாம் நல்லாத்தேன் இருக்கு, சோறு எப்பப்பா வரும்?" என்று செஃப்பையே கேட்டாள். செஃப் நிகிலன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாளிலிருந்து அடுக்களை மூலையில், மெனுவில் இல்லாமல், ஒரு குண்டானில் பொன்னி அரிசி வெந்துகொண்டிருந்தது.

யாரும் வராமல் போனவர்களும் இருந்தார்கள். வேளச்சேரிப் பக்கம் பாதியைக் கட்டியவர் என்று பேர் வாங்கிய ஒரு பில்டர் தனியாக வந்து, ஒரு குழாய்க்கு மூன்று குழாயாக வாங்கிக் குடித்து, மூன்று தடவையும் புரையேறி, கண் சிவந்து, எதிர் நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அது காலியாகவே இருந்தது. பவுன்தாய் மெல்லப் போய், இடைஞ்சலாக இருக்கிறதே என்று எடுப்பவள்போல அந்த நாற்காலியை எடுத்து அடுத்த மேஜைக்குப் போட்டுவிட்டு வந்தாள். அந்த நாற்காலியைத் திரும்பிப் பார்க்காமலே அன்றைக்கு வேலை பார்த்தாள்.

ஏனென்றால் வேலைக்காரர்களுக்கும் மதியச் சாப்பாட்டோடு அதே ரசம் உண்டு. மூன்றரை மணிக்கு விருந்தாளிகள் போனபின் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து குழாய் குழாயாகக் குடித்து இருமி, வந்தவர்களோடு சிரித்துப் பேசினார்கள், பாத்திரம் கழுவுகிற மணிப்பூர்ப் பையனுக்கு அவன் மொத்தக் குடும்பமும் வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனது. பவுன்தாய் மட்டும் ரசம் தொடுவதில்லை, அசிடிட்டி என்று சொல்லிவைத்திருந்தாள். சட்டையில் குத்தியிருந்த பெயர் வில்லையில் அவள் பெயரை 'பவி' என்று சுருக்கியிருந்தார்கள், அதைப்போலவே இதையும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஆனால் காரணம் இருந்தது. அதன் பெயர் தங்கமாயன்.

தங்கமாயன் அவள் தம்பி. உசிலம்பட்டிப் பக்கம், அம்மா போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு நாலு வயது, அவளுக்குப் பன்னிரண்டு. அவன் மூக்கைச் சிந்திவிட்டதிலிருந்து பாலிடெக்னிக்கில் சேர்த்துவிட்டது வரை அவள்தான். தேனியில் சொந்தமாக வெல்டிங் பட்டறை போட்டுப் பெரிய ஆளானபிறகும், அக்கா சொன்னால் மறுபேச்சு இல்லை. அப்படிப்பட்டவன் எட்டு வருஷமாக அவளோடு பேசுவதில்லை, அது அவள் மகள் தாரிகாவுக்குக் காது குத்திய நாளில் ஆரம்பித்தது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். நல்ல நேரம் பத்தரைக்கு முடிகிறது, மாயன் வந்த பஸ் வத்தலக்குண்டில் பஞ்சராகி நிற்கிறது, போன் கிடைக்கவில்லை, ஆசாரி ஊசியோடு நிற்கிறார், புருஷன் வீட்டார் நேரம் போகுது நேரம் போகுது என்று நெருக்கினார்கள், பவுன்தாயும் வேறு வழி தெரியாமல் புருஷனின் பங்காளி பெரியகருப்பன் மடியில் பிள்ளையைத் தூக்கி வைத்துவிட்டாள். பத்து நாற்பதுக்கு மாயன் தாம்பாளத்தில் சீரோடு கோயில் வாசலில் வந்து நின்றான். பிள்ளை அழுத அழுகையும், அது யார் மடியில் உட்கார்ந்து அழுகிறது என்பதும் அவன் கண்ணில் பட்டது. தாம்பாளத்தைப் படிக்கட்டில் வைத்தான், திரும்பி நடந்தான்.

போன் செய்தால் எடுக்கவில்லை. புருஷன் வீரணன் ஒருமுறை நேரில் போனபோது ஆள் பட்டறையில் இல்லை என்றார்கள், உள்ளே பொறி பறந்துகொண்டிருந்தது. அவளே போயிருக்கலாம். போகவில்லை. வளர்த்தவளை வாசலில் நிறுத்தி ஆள் இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம், நான் ஏன் போக வேண்டும் என்று ஒரு வீம்பு, இரண்டும் மாறி மாறி எட்டு வருஷம் ஓடிவிட்டது. ரசம் குடிக்காத வரைக்கும் அவன் நினைக்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம். குடித்து, இருமி, நாற்காலி காலியாக இருந்துவிட்டால் அப்புறம் வைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

ஐப்பசியில் தாரிகா வயதுக்கு வந்தாள். பதினாறாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று முடிவாயிற்று. அன்று காலை தாய்மாமன் பச்சைத் தென்னங்கீற்றில் குச்சு கட்டி, அதில் பெண்ணை உட்காரவைத்து, சீர் கொடுக்க வேண்டும், அதற்கப்புறம்தான் மற்ற எல்லாம். வீரணன் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்: "நம்ம பெரியகருப்பனையே கட்டச் சொல்லிருவமா? அன்னைக்கும் அவன்தான..." பிள்ளையின் சடங்கிலும் இன்னொருத்தன் வந்து நின்றுவிட்டால் தம்பி என்ற உறவு அதோடு முடிந்தது என்று பவுன்தாய்க்கு நன்றாகத் தெரிந்தது.

மறுநாள் நாலு மணிக்கு, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், அவள் ஒரு நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு ரசக் குழாயை எடுத்தாள். "பவிம்மா, அசிடிட்டி?" என்றார் செஃப். "இருந்துட்டுப் போகட்டும் செஃப்" என்று சொல்லி ஒரே உறிஞ்சு உறிஞ்சினாள். புரையேறியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு இருமினாள், இருமி ஓய்ந்த பிறகும் திறக்காமல் கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு திறந்தாள். எதிரே பெரியகருப்பன் உட்கார்ந்திருந்தான், ஒரு கையில் அளவு நாடா, மறு கையில் பட்டுப்பாவாடைத் துணி.

"மதினி, பாப்பாவுக்கு எத்தன இஞ்சு எடுக்கணும்னு ஒங்களக் கேக்கணும்னு நெனச்சேன், நீங்களே கூப்பிட்டுட்டீக" என்றான். நல்ல மனுஷன், அவன் பேரில் ஒரு குற்றமும் இல்லை. அவனுக்குச் சோறு போட்டு, அளவு சொல்லி, செருப்புக் கொடுத்து, ஆட்டோ ஏற்றி அனுப்பினாள். அப்புறம் அரிசி ஸ்டோரில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வீட்டுக்குப் போய், "பெரியகருப்பனையே கட்டச் சொல்லிருங்க" என்று புருஷனிடம் சொன்னாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை, அவருக்கும் அந்த உணவகத்தின் கதை தெரியும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவளுக்கு வார விடுமுறை. வேளச்சேரியில் மூன்றாம் மாடி வீட்டில், மதியம் ஒன்றே காலுக்கு, பிட்டு அவிக்கப் பச்சரிசி மாவைச் சலித்துக்கொண்டிருந்தாள். அவனை நினைக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள். ஆனால் மாவைச் சலித்தால் பிட்டு ஞாபகம் வருகிறது, பிட்டு என்றால் வெல்லம் கூடப் போடு என்று அழுகிற நாலு வயசுப் பயல் ஞாபகம் வருகிறான், நினைக்காதே நினைக்காதே என்று தன்னையே அதட்டிக்கொண்டு சல்லடையைத் தட்டினாள். தட்டின தட்டு வெள்ளை மேஜைவிரிப்பில் விழுந்து, மாவு புகைபோலக் கிளம்பியது. எதிரே ஒரு ஆள் கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி இருமிக்கொண்டிருந்தான். பொறி பட்டுப் பட்டுப் புள்ளி விழுந்த அந்தக் கைகளை அவளுக்கு அடையாளம் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

"மாயா" என்றாள்.

அவன் நிமிர்ந்தான். காதோரம் நரைத்திருந்தது. இருமல் நின்றும் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

"இதோட மூணாவது தடவக்கா" என்றான், எட்டு வருஷம் பேசாதவன் போலவே இல்லை, விட்ட இடத்திலிருந்து புகார் சொல்கிறவன்போல. "மொதத் தடவ வந்தப்ப என் பொஞ்சாதி வந்து ஒக்காந்தா. கம்பி எடுக்கப் போறேன்னு பொய் சொல்லிட்டா வந்தன்னு இந்த எடத்துலயே வச்சு வாங்கு வாங்குன்னு வாங்குனா. ரெண்டாவது தடவ பட்டறைல வேல பாக்குற பய வந்து, கேஸ் தீந்துபோச்சுண்ணேங்குறான். நீயி வரவே இல்ல. சரி, அக்கா நம்மள மறந்துருச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். பிள்ள சடங்குக்கு ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு, எனக்கு மட்டுஞ் சொல்லல. கடேசியா ஒரு தடவ பாத்துருவோம்னு வந்தேன்."

"செவ்வாக்கெழமையா பாத்து ஏன்டா வந்த? மத்த நாள்ல நான் இங்கதான நிக்கிறேன்."

"நின்னா? நேர்ல பாத்துட்டு நீ வாடான்னு சொன்னா, ஒப்புக்குச் சொல்றியா, உள்ளுக்குள்ள இருந்து சொல்றியான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? நீ இங்க பவிங்கிற பேருல வேல பாக்குறன்னு ஊருல சொன்னாக. போனப் போட்டு, பவின்னு ஒரு அம்மா என்னைக்கு லீவுன்னு கேட்டுத்தேன் வந்தேன்."

பவுன்தாய்க்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "லீவு நாள்ல மத்தியானம் நான் தூங்குவேன்டா கூறுகெட்டவனே. காலு அம்புட்டு வலிக்கும். இன்னைக்கு மாவு சலிக்கணுமேன்னு முழிச்சுக் கெடந்தேன்." பிறகு கேட்டாள்: "போன வாரம் நானும் குடிச்சேன். நாலு மணிக்கு. நீ வரலையே?"

"நாலு மணின்னா வெல்டிங்குல்ல வச்சுக்கிட்டு இருப்பேன். அந்நேரம் நெனப்பு எங்கிட்டாச்சும் போச்சுன்னா கண்ணு போயிரும்க்கா. பகல்ல யாரையும் நெனைக்க மாட்டேன். படுத்தாத்தேன் நெனப்பு." அவன் மேஜையைப் பார்த்துச் சொன்னான்: "எட்டு வருசமா ஒரு நாளும் தப்புனதில்ல."

அவள் மாவுக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒரு பரிமாறுகிற பெண் வந்து, பவி மேடம், உங்க பொண்ணு போன் பண்ணுச்சு, அம்மா அங்க வந்துட்டாங்களான்னு கேட்டுச்சு, அடுப்ப அணைச்சுட்டேன்னு சொல்லச் சொல்லுச்சு என்றாள். "சரி" என்றாள் பவுன்தாய். "மடியில வச்சது தப்புத்தேன்டா" என்றாள் தம்பியிடம். "பத்து நிமிசம் எல்லாரையும் எதுத்துக்கிட்டு நின்னுருக்கணும். நிக்கல."

மாயன் மேஜைவிரிப்பில் சிந்தியிருந்த மாவை உள்ளங்கையால் ஒரு பக்கமாக ஒதுக்கினான். அவன் மன்னித்துவிட்டான் என்பது தெரிந்தது, அது போதாது என்பதும் தெரிந்தது. தாய்மாமனை வாயால் மட்டும் கூப்பிட முடியாது. முதல் வெற்றிலை அவனுக்கு வைக்க வேண்டும், அதற்கப்புறம்தான் சாமிக்கே. அவள் எழுந்து, நைட்டிக்கு மேல் ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

"செஃப், வெத்தலபாக்கு வேணும்."

"வெத்தலையா வாங்கி வைக்கறதில்லையே பவிம்மா. ஒன்பதாவதா வர்ற பான்தான் இருக்கு. நைட்ரஜன்ல போட்டது."

"அதக் குடுங்க."

அது வெற்றிலையும் பாக்கும் குல்கந்தும் சேர்த்து உறையவைத்த கோலிக்குண்டு அளவு உருண்டை, சுற்றிலும் வெள்ளைப் புகை வழியும், அரை நிமிஷத்துக்குள் வாயில் போடாவிட்டால் தண்ணீராகிவிடும். அதை வண்டிச்சக்கரத் தட்டில் வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, எட்டு மேஜைக்காரர்களும் திரும்பிப் பார்க்க அவள் நடந்து வந்தாள். புகை தரையெல்லாம் விழுந்தது.

"வர்ற ஞாயித்துக்கெழம பாப்பாவுக்குச் சடங்கு வச்சுருக்கோம். தாய்மாமன் வந்து நின்னு நடத்திக் குடுக்கணும்" என்று, தம்பியிடம் சொல்வதுபோல் இல்லாமல், சபையில் சொல்வதுபோலச் சொன்னாள்.

தங்கமாயன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். தோளில் துண்டு இல்லாததால் மடியில் விரித்திருந்த நாப்கினை எடுத்து இடுப்பில் சுற்றி முடிந்துகொண்டான், குனிந்து இரண்டு கையாலும் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றினான், உருகுவதற்கு முன் உருண்டையை வாயில் போட்டுக்கொண்டான். மூக்கிலிருந்து புகை வந்தது.

"குச்சு எங்கிட்டுக்கா கட்டணும், வாசல்லயா மொட்ட மாடியிலயா?" என்றான் மென்றுகொண்டே. "மொட்ட மாடின்னா காத்துக்கு நிக்காது. நான் இரும்புல ஃப்ரேம் அடிச்சுக் கொண்டாந்துர்றேன், மேல கீத்து மேஞ்சுக்கிரலாம்."